விமான தூரம் காட்டும் இணையதளம்: தர்மபுரி டிக்கெட் கடையிலிருந்து

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் காட்டும் இணையதளம் ஒன்று என் கடைக் கணினியில் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். தர்மபுரியில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அது காட்டும் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன். நேரத்தை மட்டும் வாடிக்கையாளரிடம் சொல்வதே இல்லை.

தூரம் என்பது பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய வழி. பெங்களூரு–சென்னை சுமார் 268 கி.மீ., சேலம்–சென்னை சுமார் 265. நமக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இருக்கும் இரு நிலையங்களுக்கும் சென்னை ஏறக்குறைய ஒரே தூரம் என்றால் பலரும் நம்ப மாட்டார்கள். திரையைத் திருப்பிக் காட்டிவிடுவேன்.

நேரக் கணக்கில்தான் எனக்குக் கோபம். எல்லா விமானமும் மணிக்கு 800 கி.மீ. பறக்கும் என்று வைத்துக்கொண்டு, ஏற இறங்க அரை மணி சேர்த்துவிடுகிறார்கள். சேலத்திலிருந்து சென்னைக்குப் போவது ஏடிஆர் 72. இறக்கையில் விசிறி சுழலும் அந்த விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவுதான்.

அதுகூடப் போகட்டும், பத்து நிமிட வித்தியாசம். பெங்களூரு–துபாய் 2,700 கி.மீ.க்குப் போகவும் வரவும் ஒரே மாதிரி 3 மணி 50 நிமிடம் என்கிறது. மேல் வானில், குறிப்பாகக் குளிர்காலத்தில், காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடித்து வீசும். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். விமான நிறுவனங்கள் இதைத் தெரிந்தே அட்டவணை போடுகின்றன. போகும் பயணத்துக்கு நான்கு மணி நேரம், அதற்கு மேலும் ஒதுக்குவார்கள்.

கடிகார வித்தியாசத்தையும் அந்தத் தளம் காட்டுவதில்லை. பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் மகனின் டிக்கெட்டை நீட்டி, "பத்து மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டரைக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறதே தம்பி, இரண்டரை மணி நேரம்தானா?" என்று கேட்டார். "துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது அம்மா. அவர் இறங்கும்போது இங்கே மணி இரண்டு" என்று டிக்கெட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். மகனின் போனுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு வேண்டியது இந்த ஒரு வரிதான். அதை அந்தத் தளம் ஒரு மூலையில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மற்றபடி கட்டணம் கிடையாது, பதிவு செய்யச் சொல்லித் தொல்லை இல்லை, கைப்பேசியிலும் சட்டென்று திறக்கிறது. எந்த நிலையத்திலிருந்து ஏறலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கிளம்பும் நேரத்தை மட்டும் விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சேலம் விமானம் என்றால் தொப்பூர் கணவாய்க்கென்று தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள்; அங்கே ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கவுண்டரை மூடிவிடுவார்கள்.