பிள்ளையைப் பிரிப்பதா, கொப்பியை மூடுவதா?

"இவன் பார்த்தால்தான் படிப்பான் மிஸ், கேட்டால் மண்டையில் ஏறாது." வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் நடக்கும் சாதாரண தர விஞ்ஞான வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாமார் பலர் இப்படித்தான் தொடங்குவார்கள்.

இதைக் 'கற்றல் பாணி' என்பார்கள். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1992இல் பார்த்தல், கேட்டல், வாசித்தெழுதல், செய்துபார்த்தல் என நான்காகப் பிரித்தார். அவருடைய வினாக்கொத்து பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று சொல்லும். பிடித்த வழியில் படிப்பித்தால் கூடுதலாக விளங்குமா என்பது வேறு கேள்வி. ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. கேட்டுப் படிக்கிற பிள்ளை என்பதற்காக இதயத்தின் படத்தைக் காட்டாமல் விட முடியுமா?

மற்ற வழி, கொப்பியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தி கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள்: 81 வீதம், நினைவிலிருந்து எழுதியவர்கள் 75. ஒரு வாரத்தின் பின் நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. வாசித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அதுதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இதயத்தை மனதிலிருந்து வரைந்தாள். நான்கு அறைகளும் வால்வுகளும் சரி. சுவாசப்பை நாளத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. நாளம்தானே, ஒட்சிசன் குறைந்த குருதிதான் ஓடும் என்று நீல நிறத்தைத் தீட்டினாள். கொப்பியைத் திறந்தால், ஒட்சிசன் நிறைந்த குருதியை இடது சோணையறைக்குக் கொண்டுவருவது அதுதான் என்ற வரி மஞ்சள் ஹைலைட்டரில் மினுங்குகிறது! எத்தனை தரம் வாசித்திருப்பாள். அடுத்த கிழமை, கேட்காமலே சிவப்பில் தீட்டினாள்.

ஒன்று மட்டும்: விளங்காத பாடத்தில் இது எடுபடாது. புதிய கணக்கு என்றால் முதலில் இரண்டு மூன்றைப் படிப்படியாகச் செய்து காட்ட வேண்டும், அப்புறம்தான் கொப்பியை மூடலாம்.

ஆகவே அப்படிச் சொல்லி வந்த ஓர் அம்மாவிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, "இண்டைக்கு என்ன படிச்சனி?" என்று கேட்கச் சொன்னேன். பிழையாகச் சொன்னாலும் இடையில் திருத்தக் கூடாது. சொல்லி முடித்ததும் அவனே கொப்பியைத் திறந்து பார்க்கட்டும்.