சோற்றுக்கு டம்ளர், பிள்ளைக்கு மில்லி: தண்ணீரை எதால் அளப்பது?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஏதாவது ஒரு வீட்டு அடுப்படியில் பாருங்கள், தண்ணீர் அளக்க ஏழெட்டுச் சாமான் இருக்கும். காபி டம்ளர், தண்ணீர் குடிக்கிற பெரிய டம்ளர், அரிசிப் பானைக்குள் கிடக்கும் ஆழாக்கு, ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப், இருமல் மருந்து மூடி, பால்புட்டி, பயணத்துக்கு வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில். அப்புறம் அம்மாயியின் ஆள்காட்டி விரல். எல்லாமே அளவைதான். ஆனால் ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது. சோற்றுக்காக மில்லிலிட்டர் கோடு போட்ட குவளை வாங்குவது வீண் செலவு என்பது என் கட்சி. கைக்குழந்தைக்கும் வயிற்றுப்போக்குக்கும் டம்ளர் கணக்கு பேசுவது ஆபத்து என்பதும் என் கட்சிதான்.

காரணம் எளிது. சோறு வைக்கும்போது நமக்கு வேண்டியது விகிதம். அரிசி அளந்த அதே டம்ளரால் தண்ணீரையும் அளந்தால், டம்ளர் 120 மில்லியாக இருந்தாலும் 250 மில்லியாக இருந்தாலும் சோறு ஒரே மாதிரி வரும். பால்பவுடரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ அப்படி இல்லை. பவுடரின் அளவை டின்காரரும் பாக்கெட்காரரும் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள். தண்ணீரை மட்டும் நாம் ஊற்றுகிறோம். அங்கே டம்ளர் மாறினால் எல்லாமே மாறிப்போகும்.

பெயர் சொல்லாத அளவைக்கு மதிப்பில்லை என்பது இந்த மண்ணில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லைக் குறிக்கும்போது வெறுமனே இத்தனை கலம் என்று விடவில்லை. ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலம் அது. இன்றைக்கு அந்த வேறுபாடு டம்ளருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஏட்டுக் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி. ரைஸ் குக்கர் கப் பெரும்பாலும் 160 முதல் 180 மில்லிக்குள் இருக்கும். சமையல் குறிப்புகளில் ‘ஒரு கப்’ என்று வருவது 240 அல்லது 250 மில்லி. ‘ஒரு கப்’ என்று படித்துவிட்டு குக்கர் கப்பால் தண்ணீரையும் கண்ணளவில் ரவையையும் போட்டால் உப்புமா பதம் தப்பத்தான் செய்யும்.

சோற்றுப் பானையில்

டம்ளர் கணக்கும் விரல் கணக்கும்தான் இங்கே நேருக்கு நேர் மோதுபவை. விரல் கணக்கு என்றால், களைந்த அரிசியைப் பாத்திரத்தில் சமமாகப் பரப்பி, விரல் நுனி அரிசியின் மேல்பரப்பைத் தொட நிறுத்தி, முதல் கணு வரை தண்ணீர் விடுவது. பழகிய கைக்கு இது நன்றாகவே வரும். ஆனால் விரல் அளப்பது உயரத்தை மட்டும்தான். குறுகலான பானையில் ஒரு கணு உயரம் என்பது கொஞ்சம் தண்ணீர். வாய் அகன்ற குண்டானில் அதே ஒரு கணு இரண்டு மடங்குகூட ஆகிவிடும். தினமும் அதே பாத்திரம், அதே அரிசி என்றால் விரலை நம்பலாம். பாத்திரம் மாறினால் டம்ளருக்கு வந்துவிடுங்கள்.

டம்ளர் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. அரிசி குடிக்கும் தண்ணீர் அரிசியின் அளவைப் பொறுத்துக் கூடும். ஆவியாகப் போகும் தண்ணீரோ பாத்திரத்தின் வாயையும் வேகும் நேரத்தையும் பொறுத்தது. அது அரிசியோடு சேர்ந்து அதே கணக்கில் கூடுவதில்லை. ஒரு டம்ளர் அரிசிக்குத் திறந்த பாத்திரத்தில் இரண்டரை டம்ளர் சரியாக இருந்தது என்பதற்காக, விருந்தாளி வந்த அன்று நாலு டம்ளர் அரிசிக்குப் பத்து டம்ளர் ஊற்றினால் சோறு களியாகிவிடும். குக்கருக்குள் ஆவி அதிகம் தப்பாததால் இந்தச் சிக்கல் குறைவு. அதனால் டம்ளர் கணக்கு குக்கரில் நன்றாக உட்கார்ந்துகொள்ளும்.

குக்கரில் பொன்னிப் பச்சரிசி புதுசென்றால் ஒன்றுக்கு இரண்டு போதும். அறுத்து ஆறு மாதம் தாண்டிய அரிசி இரண்டரை கேட்கும். புழுங்கலுக்கு மூன்று. தை அறுவடை முடிந்து சம்பா அரிசி வீட்டுக்கு வரும் மாதத்தில் பழைய அளவிலேயே தண்ணீர் விட்டுவிட்டு, அரிசி மட்டம் என்று குறை சொல்வது வழக்கமாக நடக்கிறது. புது அரிசிக்கு அரை டம்ளர் குறைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் குறை சொல்லலாம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களால் மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய ரகங்கள் திரும்பப் பல வீடுகளுக்கு வந்திருக்கின்றன. தவிடு போகாத அரிசி என்பதால் இரவே ஊறப்போட்டு, ஒன்றுக்கு நாலு என்று விட வேண்டும். பொன்னிக்குப் பழகிய கை இங்கே கட்டாயம் தடுமாறும்.

வடிக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. தாராளமாகத் தண்ணீர் வைத்து, பருக்கையை நசுக்கிப் பார்த்து, வடிதட்டைப் போட்டுக் கவிழ்த்தால் ஆயிற்று. சத்தில் ஒரு பங்கு கஞ்சியோடு போகும், காஸும் கூடுதலாகும். ஆனால் அந்தக் கஞ்சியைக் குடிக்கிற வீட்டில், மாட்டுக்கு வைக்கிற வீட்டில், வடித்தலை நான் குறை சொல்ல மாட்டேன். எலக்ட்ரானிக் தராசு சோற்றுக்குத் தேவையே இல்லை. அதற்கு வேறு ஒரு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கைக்குழந்தைக்கு

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றால், அளக்க வேண்டிய தண்ணீர் பூஜ்யம். கத்திரி வெயிலில்கூட. “நாக்கு வறளுது பாரு, ரெண்டு மடக்கு தண்ணி குடு” என்று அம்மாயி சொல்வார். அவர் சொல்வது பாசத்தில்தான். “தாய்ப்பாலிலேயே நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர்தான் அம்மாயி, இன்னொரு தடவை பால் கொடுத்தால் தாகம் அடங்கிடும்” என்று பதமாகச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு நிரம்பி, பால் குடிப்பது குறையும். அதிகமாகக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து வலிப்பு வரை போகலாம். பிறந்து ஐந்தாறு நாளுக்குப் பிறகு, ஒரு நாளில் ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் தண்ணீர்ச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பவுடர் பால் தவிர்க்க முடியாத வீடுகள் இருக்கின்றன. அந்தத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் யாருக்கும் லாபமில்லை. அவர்களுக்கு வேண்டியது சரியான அளவு. பால்பவுடருக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-ல் இந்தியாவில் சட்டம் வந்தது. ஆனால் கலக்கும் முறையை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் போதவில்லை.

இங்கே போட்டி புட்டிக் கோடு, பாலாடை (பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்), டம்ளர் மூன்றுக்கும். டம்ளரை முதலிலேயே விலக்கிவிடலாம். ‘அரை டம்ளருக்கு நாலு கரண்டி’ என்று அக்கா தங்கைக்குச் சொல்லும்போது, அக்கா வீட்டு டம்ளர் தங்கை வீட்டில் இல்லை. தண்ணீர் குறைந்தால் பால் கெட்டியாகி மலச்சிக்கல் வரும், உப்பு ஏறி உடம்பு வறளும். தண்ணீர் கூடினால் வயிறு நிறைந்தும் குழந்தை இளைக்கும். டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு கரண்டி குறைப்பதும் இதே கெடுதிதான்.

புட்டிக் கோட்டில் முறை மாறினால் தப்பாகும். முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். பல டின்களில் 30 மில்லிக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி என்று இருக்கும். ஆனாலும் உங்கள் டின்னில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டே செய்யுங்கள், ஒரு டின்னின் கரண்டியை இன்னொரு டின்னுக்குப் போடாதீர்கள். 120 மில்லி தண்ணீரில் நாலு கரண்டி போட்டால் பால் 120 கோட்டைத் தாண்டி நிற்கும். அதுதான் சரி. பவுடரை முதலில் போட்டுவிட்டு 120 கோடு வரை ஊற்றினால் தண்ணீர் குறைந்துபோய்விட்டது என்று அர்த்தம். கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதீர்கள். மேஜையில் வைத்துக் குனிந்து, கோடு கண்ணுக்கு நேராக இருக்கும்படி பார்க்க வேண்டும். தண்ணீரின் ஓரம் சுவரில் கொஞ்சம் ஏறி நிற்கும், நடுவில் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளம் கோட்டைத் தொட வேண்டும். கரண்டியை அமுக்கி நிரப்பாமல், மேலே நிற்பதைக் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள்.

இன்னொன்று, அளப்பது கொதித்த பிறகு. 120 மில்லி அளந்து ஊற்றிக் கொதிக்கவைத்தால் ஆவி போக மிஞ்சுவதுதான் கையில் இருக்கும். பவுடர் கிருமியே இல்லாத பொருள் கிடையாது. அதனால் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்து இறக்கி அரை மணிக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். கலந்ததும் புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் உப்பாக இருக்கும் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. பிள்ளைக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள்.

பாலாடை சுத்தத்தில் புட்டியை ஜெயிக்கும். ரப்பர் காம்பு இல்லை, இடுக்கு இல்லை, அப்படியே கொதிநீரில் போட்டு எடுக்கலாம். கோடு இல்லாததுதான் குறை. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கி, உங்கள் பாலாடை எவ்வளவு பிடிக்கிறது என்று தண்ணீரால் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் குறையும் தீரும். வாயோரம் வழிவதையும் கணக்கில் எடுங்கள். கலப்பதற்குக் கோடு போட்ட சாமான், கொடுப்பதற்குப் பாலாடை என்பதே என் பரிந்துரை.

தராசின் வேலை இங்கேதான். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். காலிப் புட்டியைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி 100 கோடு வரை தண்ணீர் விடுங்கள். 100 கிராமை ஒட்டிக் காட்டினால் கோடு சரி. மலிவான புட்டிகளில் கோடு தள்ளி அச்சாகியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

வயிற்றுப்போக்கு வந்தால்

ஓஆர்எஸ் என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பவுடர் பாக்கெட் இரண்டு அளவில் கிடைக்கிறது. ஒன்று 1 லிட்டருக்கு, சுமார் 21 கிராம். இன்னொன்று 200 மில்லிக்கு, நாலு கிராமுக்குச் சற்று மேல். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிடும் தவறு குழந்தைக்கு உயிராபத்து. எதில் கரைப்பது என்று குழம்பவே வேண்டாம். கடையில் வாங்கிய 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கிறதே, அதைவிட நம்பகமான அளவை சாதாரண வீட்டில் கிடையாது. புதிதாகத் திறக்கும்போது தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட் கிடைக்காத ராத்திரிக்கு, 1 லிட்டரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி தூள் உப்பு. கரண்டி என்பது 5 மில்லி கரண்டி. இருமல் மருந்து மூடியில் 5 என்ற கோடு இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். கல்லுப்பை அதே அளவு போட்டால் ஒரே எடை வராது. வாயில் விட்டுப் பார்த்து, கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுத் திரும்பக் கரையுங்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து இன்னும் மெதுவாக. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால் பால் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தினம் குடிக்கிற தண்ணீர்

எட்டு டம்ளர் குடிக்கச் சொல்கிறார்கள். 120 மில்லி காபி டம்ளர் என்றால் எட்டும் சேர்ந்து ஒரு லிட்டர்கூட இல்லை. 250 மில்லி டம்ளர் என்றால் 2 லிட்டர். நம் ஊரில் அண்ணாந்து குடிப்பதால் மடக்குக் கணக்கும் நிற்காது. கணக்கு வேண்டுமென்றால் காலையில் சொம்பையோ பாட்டிலையோ நிரப்பி, எத்தனை முறை காலியானது என்று பாருங்கள். ஆனால் ஆரோக்கியமானவர்களுக்கு அதைவிட நல்ல அளவை சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நீராகாரமும் மோரும் ரசமும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

வெயிலில் நடவும் களையெடுப்பும் செய்கிறவர்களுக்குத் தாகத்தை நம்பி இருக்க முடியாது. கால் மணிக்கோ இருபது நிமிஷத்துக்கோ ஒரு பெரிய டம்ளர், ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்டாமல். வயலோரத்தில் மறைவிடம் இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே தொடாமல் வேலை செய்கிற பெண்களுக்கு எந்த அளவையும் உதவாது. அங்கே முதலில் வேண்டியது கழிப்பறை.

சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் நிறக் கணக்கு செல்லாது, மருத்துவர் சொன்ன மில்லிதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1 லிட்டர் என்று சொல்லியிருந்தால் காலையில் அந்தப் பாட்டிலை நிரப்பி வையுங்கள். 120 மில்லி காபி குடித்தால் பாட்டிலிலிருந்து 120 மில்லியைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ரசம், மோர், மாத்திரை போடக் குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அப்படியே. பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அன்று மீதி குடிக்கக்கூடியது.