கோ 4 புல்லும் என் கடப்பாரையும்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் மாப்பிள்ளை, அதாவது என் மனைவியின் தம்பி, போன் செய்தான். புதிதாக இரண்டு மாடு பிடித்திருக்கிறானாம். "மாமா, உங்க காட்டுல இருந்து புல்லுக்கரணை ஒரு ஆயிரம் குடுங்க. எப்படி இருக்குதுன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்றான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. நான் மூன்றாவது நாளாகக் கடப்பாரையோடு இந்தப் புல்லின் தூர்களை, அதாவது வேரோடு கூடிய அடிக்குத்துகளை, பிளந்துகொண்டிருந்தேன். அப்போது சொன்ன பதிலை விட்டுவிடலாம். நிதானமாக எழுதுகிறேன்.

கோ 4 என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கம்பும் நேப்பியர் புல்லும் சேர்ந்தது, விதை பிடிக்காது, கரணைதான், அதாவது தண்டை வெட்டி நடுகிற துண்டு. இதெல்லாம் மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். நான் 20 சென்டில் வைத்தேன். 30 மீட்டர் நீளத்தில் 45 பார், அதாவது வரிசை, பாருக்கு 60 தூர். தினம் ஒரு பார் அறுத்தால், கடைசிப் பாரை முடித்துத் திரும்பும்போது முதல் பாருக்கு 45 நாள் ஆகியிருக்கும். இந்தக் கணக்கு போட்ட அன்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

புல் என்னவோ ஏமாற்றவில்லை. ஹெக்டேருக்கு வருடம் 400 டன் வரை என்று சொல்வார்கள். அது நம் காட்டில் நடக்காது. ஆனாலும் நல்ல தண்ணீர் இருக்கிற மாதத்தில் ஒரு பாருக்கு 60 கிலோ கிடைக்கிறது, மூன்று மாட்டுக்குப் போதும். தண்டு மென்மையாக, சாறாக இருக்கும். நறுக்கிப் போட்டால் தொட்டியில் ஒரு துண்டு மிஞ்சாது. தவிட்டுச் செலவும் குறைந்தது. பனி மாதத்தில் மட்டும் புல் மந்தமாகிவிடும், 45 நாள் 60 நாளாகும். அப்போது சோளத்தட்டு வாங்கிச் சமாளிப்பேன்.

என் பிரச்சினை தூர்.

தரையை ஒட்டி அறுக்க வேண்டும் என்பார்கள். அறுக்கிறவன் குனிந்தால்தானே? அப்பாவுக்கு இடுப்பு வலி, முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டு வருவார். நான் சத்தம் போட்டால், "மாடு திங்கறது மேல இருக்கற புல்லத்தானே?" என்பார். அவர் வெட்டிய கட்டையின் மேல் கணுவிலிருந்து குச்சி குச்சியாகத் துளிர்க்கும். அடுத்த அறுப்பு அதற்கும் மேலே. இரண்டு வருடத்தில் தூர் தரையை விட்டு எழும்பி, மோடா மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் காய்ந்த கட்டை, சுற்றி மட்டும் பச்சை. சரி, நான் மட்டும் ஒழுங்காக அறுத்த பார்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டால், அதுவும் தூர் பெருத்துத்தான் போகிறது. கொஞ்சம் தாமதமாக, அவ்வளவே.

இதற்கு மருந்து, வருடத்துக்கு ஒருமுறை தூரை நாலாகப் பிளந்து, ஒரு பங்கை விட்டு மீதியை எடுத்துவிடுவது. சொல்ல ஒரு வரி. கடப்பாரையை நடுவில் குத்தினால் ரப்பரில் குத்தியது போலத் திரும்பி வரும். வேர் பின்னிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தூருக்கு மேல் என்னால் ஆகவில்லை. ஆளைக் கூப்பிட்டால், பார்த்துவிட்டு "அப்புறம் வர்றேனுங்க" என்று போகிறவர்தான்.

எங்கள் காங்கேயம் பக்கம் கொறங்காடு உண்டு. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கும். மாட்டை விட்டுவிட்டால் அது மேய்ந்துகொள்ளும். திண்ணையில் இருந்து நான் பிளப்பதைப் பார்த்துக்கொண்டே அப்பா கேட்டார்: "கொழுக்கட்டப் புல்லுக்கு எவனாச்சும் கடப்பாரை எடுத்திருக்கானா?" பதில் இல்லை. கறவை மாட்டுக்கு அது பத்தாது என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொன்று. இதை மட்டும் போட்டு வளர்க்காதே மாப்பிள்ளை. இதில் இருக்கும் ஆக்சலேட் மாட்டின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்கிற பயறுவகைத் தீவனம், கூடவே தாது உப்பு. முதல் வருடம் நான் அலட்சியமாக விட்டு, டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

ஆக, புல் நல்ல புல். ஆனால் வைக்கலாமா என்று கேட்டால், இன்றைய தேதிக்கு வேண்டாம் என்பேன். தோள்பட்டை அப்படிச் சொல்கிறது.

இருந்தாலும் இரண்டு பாரை கரணைக்காக முற்ற விட்டிருக்கிறேன். உனக்கு ஆயிரம் பத்தாது, இரண்டு மாட்டுக்கு 10 சென்டாவது வேண்டும், 1,350 கரணை ஆகும். எண்ணி வைக்கிறேன். சனிக்கிழமை காலையிலேயே வா. இலை கையைக் கீறும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். இன்னும் எட்டுப் பார் பிளக்கக் கிடக்கிறது, கடப்பாரை என்னிடம் இரண்டு இருக்கிறது.