முகாம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் கரையோரப் பள்ளி: ஒரு மதிப்புரை

இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் முதல் மன்னார் பக்கமிருந்து படகேறி, தனுஷ்கோடியை அடுத்த மணல் திட்டுகளில் இறங்கிய குடும்பங்கள் மண்டபம் அகதிகள் முகாமில் தங்கவைக்கப்பட்டன. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை நிறுத்திவைத்துச் சோதித்த அதே முகாம்தான் இது. அக்குடும்பங்களில் ஒன்றின் பிள்ளைகளை அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ப்பதற்கு உடன் சென்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் அடையாளம் காணப்படக் கூடாது என்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

சேர்க்கையில் இப்பள்ளி நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது. பிள்ளைகளிடம் முன்பு படித்த பள்ளியின் விடுகைப் பத்திரம் (மாற்றுச் சான்றிதழ்) இல்லை. பிறப்புச் சான்றும் இல்லை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்த வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சட்டத்துக்கு அஞ்சி இவர்கள் கதவைத் திறந்ததாகச் சொல்ல முடியாது. தலைமையாசிரியையான சகோதரி முகாம் பதிவை மட்டும் பார்த்தார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், வயதுக்குரிய வகுப்புகளில் அன்றே உட்காரவைத்தார். இதற்கு முன் நாங்கள் சென்ற வேறொரு பள்ளியில், தாள்களைக் கொண்டுவந்த பிறகு பேசலாம் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

வகுப்பறைக்குள் நடப்பதுதான் இப்பள்ளியின் உண்மையான சிறப்பு. உடன் படிப்பவர்களில் பலர் பாம்பன், தங்கச்சிமடம் விசைப்படகுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இலங்கைக் கடற்படை தந்தையைப் பிடித்துச் சென்ற வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மன்னாரிலிருந்து வந்த பிள்ளையின் தந்தையோ, நம் விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியில் வலையை இழந்த சிறு மீனவர். இலங்கை 2017இலேயே இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். படகு பிடிபட்ட செய்தி வரும் நாளில் முகாம் பிள்ளைமேல் கடுஞ்சொல் விழுவது இயல்பாக நடக்கக்கூடியது; இங்கும் நடந்தது. ஆசிரியைகள் அதை அதட்டி அமுக்கிவிடவில்லை. நன்னெறி வகுப்பில் இரு தரப்புப் பிள்ளைகளையும் தத்தம் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லவைத்தார்கள். சிறையிலிருக்கும் மீனவருக்காகவும் இலங்கையின் வடகரை மீனவருக்காகவும் காலை வழிபாட்டில் சேர்த்தே செபிக்கிறார்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரையாரும் ஒரே திருப்பலியில் நிற்பதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அந்நியமாகப் படவில்லை. முகாம் பிள்ளைகளுக்கெனத் தனி வரிசையும் கிடையாது. அவர்களில் இந்துப் பிள்ளைகளைக் கிறித்தவ மறைக்கல்விக்கு வரச் சொல்லி யாரும் வற்புறுத்துவதும் கிடையாது.

மாலை வகுப்பு இலவசமாக நடக்கிறது. கணக்குக்கு நன்று, ஆங்கிலத்துக்குப் போதாது.

பெரிய குறை மேல்வகுப்புகளில் தெரிகிறது. புலம்பெயர்ந்தோரை வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல் என்ற நான்கு கடமைகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2018ஆம் ஆண்டுச் செய்தியில் வலியுறுத்தினார். முதல் இரண்டிலும் இப்பள்ளிக்குக் குறை சொல்ல இடமில்லை. மூன்றாவதில் தயங்கி நிற்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் இடம்பெறவில்லை. குடியுரிமை இன்றி அரசுப் பணி கிடைப்பதில்லை. இதை அறிந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனிடம் 'நன்றாகப் படி, எல்லாம் கிடைக்கும்' என்று மட்டும் சொல்வது அவனுக்கு நம்பிக்கை தராது. 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்த உதவிகளில் முகாம் மாணவரின் உயர்கல்விக்கான உதவித்தொகையும் உண்டு. அதற்கு எப்போது, யாரிடம் விண்ணப்பிப்பது என்பதைக்கூட மாணவர்கள் முகாமில் மூத்தவர்களிடம் கேட்டே அறிகிறார்கள். 2025 யூபிலி என்னும் புனித ஆண்டின் மையப்பொருளாக எதிர்நோக்கை, அதாவது நாளை மீதான நம்பிக்கையை, திருச்சபை முன்வைத்தது. அதைப் பின்பற்றும் பள்ளி, பத்தாம் வகுப்பிலிருந்தே இவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தையும் முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் வைக்காமல் இருக்கலாம்.

ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு இப்பள்ளியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மேல்வகுப்பில் சேர்ப்பவர்கள், உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் பள்ளி என்ன செய்யும் என்பதைச் சேர்க்கை நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முகாம் பதிவின் நகலுடன் மே மாதத்திலேயே சென்றால், ஜூனில் வகுப்பு தொடங்குமுன் மாலை வகுப்பிலும் இடம் கேட்டு வாங்கலாம்.