மார்த்தாண்டத்துல விபிஎன் ரவுட்டர்: பெட்டி நல்லது, டிஎன்எஸ் தான் தலைவலி

நாகர்கோவில்ல ஒரு கடைல இருந்து வாங்குன குட்டி விபிஎன் ரவுட்டர் (வீட்டு நெட்ட ஆபிஸ் நெட்வொர்க்கோட பூட்டுன பாதை வழியா சேக்குற பெட்டி), மூணு மாசமா ஓடுது. ஆபிஸ் திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல, நான் பாதி நாள் வீட்ல இருந்து தான் வேலை. வயர்கார்ட்ங்கிற விபிஎன் முறைய செட் பண்ண அஞ்சு நிமிஷம் கூட ஆகல, ஸ்பீடும் குறை சொல்ல முடியாது.

ஆனா டிஎன்எஸ் (சைட் பேர ஐபி நம்பரா மாத்தி சொல்றது) இருக்கே மக்கா, அதுல தான் ரெண்டு நாள் போச்சு. டனல் (விபிஎன் பாதை) பச்சை லைட் காட்டுது, டிஎன்எஸ் தேடல் வெளிய கசியுதான்னு லீக் டெஸ்ட் போட்டு பாத்தா நம்ம பிராட்பேண்ட்காரன் சர்வர் தான் வருது! டபிள்யூஏஎன்ல (வெளி நெட் பக்கம்) ஒரு இடம், டிஹெச்சிபில (வீட்டு கருவிகளுக்கு ஐபி குடுக்குறது) ஒரு இடம், விபிஎன் புரொஃபைல்ல ஒரு இடம்னு டிஎன்எஸ் கேக்குது, எது ஜெயிக்கும்னு மேனுவல்ல ஒரு வரி கிடையாது. கடைசில புரொஃபைல்ல ஆபிஸ் டிஎன்எஸ் ஐபிய போட்டு, டிஹெச்சிபில ரவுட்டர் ஐபிய மட்டும் விட்டேன், லீக் நின்னுச்சு, ஆபிஸ் உள் சைட்டும் பேர் சொன்னா திறக்குது.

இன்னொரு கூத்து, விபிஎன் இல்லாத நேரத்துக்கு 9.9.9.9-ங்கிற பொது டிஎன்எஸ்ஸ டிஎல்எஸ் மேல (தேடல பூட்டி அனுப்புற முறை, போர்ட் 853) போட்டிருந்தேன். நம்ம ஊர்ல ரெண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் போறதுக்கு கேக்கணுமா, போய் வந்தா நெட் செத்துரும். பெட்டிக்குள்ள கடிகார பேட்டரி இல்ல, தேதி பழசாயிருது, சர்டிபிகேட் செல்லாதுன்னு டிஎன்எஸ் நிக்குது, தேதிய சரி பண்ண என்டிபி சர்வர் பேர தேடணும், அதுக்கும் டிஎன்எஸ் வேணும், எப்படி இருக்கு பாருங்க! என்டிபிக்கு பேருக்கு பதிலா ஐபி குடுத்த பிறகு தான் சரியாச்சு.

சப்போர்ட்டுக்கு போன் போட்டா ரீசெட் அடிங்க சார்ங்கான். அஞ்சுக்கு மூணு ஸ்டார்.