எஸ்யு(2) குலத்தில் அலைச் சமன்பாடு: ஜெவ்ரே வழியும் மிக மெலிந்த தீர்வும்

அலையின் வேகத்தைத் தரும் கெழு காலத்தோடு ஒழுங்கின்றி மாறும்போது, தீர்வு உண்டா, அது ஒன்றேதானா, தொடக்கத் தரவின் சிறு மாற்றத்துக்குச் சிறிதாகவே அசைகிறதா என்ற கேள்விகளுக்கு இரண்டு வழிகளில் விடை தேடலாம்.

இரண்டிற்கும் தொடக்கம் ஒன்றே. குலத்தின் மேலுள்ள சார்புகளை அதன் அணி உருவகிப்புகளின் கூறுகளாகப் பிரிக்கும் பீட்டர்–வெய்ல் தேற்றத்தால் சமன்பாடு எண்ணற்ற சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளாகப் பிரிகிறது. எஸ்யு(2)-இல் (அணிக்கோவை 1 கொண்ட 2×2 அலகுநிலை அணிகளின் குலம்) சுழல் எண் 10 உடைய 21 பரிமாண உருவகிப்பில், மூன்று திசைகளின் இரண்டாம் வகைக்கெழுக்களையும் கூட்டும் லாப்லாசியனின் ஐகன்மதிப்பு எங்கும் 110. இரண்டு திசைகளை மட்டும் எடுக்கும் கீழ்லாப்லாசியனுக்கோ அது திசையைப் பொறுத்து 10 முதல் 110 வரை சிதறுகிறது. கடினமான பகுதி இந்தச் சிதறல்தான்.

முதல் வழி, 1979-இல் கொலம்பினி, தெ ஜியோர்ஜி, ஸ்பாக்னோலோ ஆகியோர் யூக்ளிட் வெளியில் காட்டியது. கெழு நேர்மதிப்புடையதாகவும் ஹோல்டர் படி 1/2 உடையதாகவும் (காலம் h நகர்ந்தால் அதன் மாற்றம் √h-இன் மடங்குக்குள் அடங்கும்) இருந்தால், வரிசை 2-க்குக் குறைந்த ஜெவ்ரே தரவுகளுக்கு (எத்தனை முறையும் வகையிடத்தக்க, வகைக்கெழுக்களின் வளர்ச்சி வரிசையால் கட்டுப்பட்ட சார்புகள்) தீர்வு உறுதி. கெழு லிப்ஷிட்ஸ் ஆக இருந்தால் (மாற்றம் h-இன் மடங்குக்குள்), வகைக்கெழுக்களின் வர்க்கத் தொகையீட்டால் அளக்கும் சோபொலெவ் வெளியே போதும். கரெட்டோவும் ருசான்ஸ்கியும் இதைக் எஸ்யு(2) போன்ற கச்சிதமான லீ குலங்களுக்கு (மென்மையான வளைவெளியாகவும் அமையும் குலங்கள்) கொண்டுவந்தனர்.

கெழுவில் டிராக் டெல்டாவோ (ஒரே கணத்தில் குவிந்த துடிப்பு) அதன் வகைக்கெழுவோ புகுந்தால் இந்த அளவுகோல் உதவாது. டெல்டா போன்ற பொதுமைச் சார்புகளான பரவல்களின் பொதுப்படையான பெருக்கல் இயலாது என ஷ்வார்ட்ஸ் 1954-லேயே நிறுவிவிட்டார். அங்கே மிக மெலிந்த தீர்வு எனும் இரண்டாம் வழியில், கெழுவை எப்சிலான் என்ற சிறு அளவில் மென்மையாக்கி, எப்சிலான் சுருங்கும்போது தீர்வுக் குடும்பம் அதன் ஏதேனும் ஓர் எதிர்ப்படியை விஞ்சாமல் வளர்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். கிடைப்பது ஒரு சார்பல்ல, ஒரு குடும்பம். இந்த இழப்பு எனக்குச் சற்று உறுத்தவே செய்கிறது. ஆயினும் கெழு ஒழுங்கானதாக அமையும்போது அக்குடும்பம் பழைய தீர்வையே நெருங்குகிறது. ஆகவே ஹோல்டர் கெழுவுக்கு முதல் வழியையே எடுப்பேன். டெல்டா வந்தால் இரண்டாவதை.