உப்புக்காற்றில் ஒரு டம்பெல் செட்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேற் பூட்டு என்று இரும்பு எதுவானாலும் சீக்கிரமே கறள் பிடித்துவிடும். அதனால் வீட்டில் பாரம் தூக்கிப் பயிற்சி செய்யச் சாமான் தேடியபோது இரண்டு விஷயம்தான் பார்த்தேன். இந்தக் காற்றுக்கு அது தாக்குப்பிடிக்க வேண்டும். அம்மா, தம்பி, நான் மூன்று பேருக்கும் ஒரே சாமான் உதவ வேண்டும்.

வாங்கியது பிளேட் கழற்றி மாட்டுகிற 20 கிலோ வார்ப்பிரும்பு டம்பெல் செட். தலா 2 கிலோவில் இரண்டு கம்பி, 1.5 கிலோ பிளேட் நாலு, 2.5 கிலோ பிளேட் நாலு. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை தெரியும். வெறும் கம்பி 2 கிலோ. அம்மா தோளுக்குச் செய்ய அது போதும். சின்னப் பிளேட் இரண்டு போட்டால் 5, பெரியது இரண்டு போட்டால் 7, எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு கையிலும் 10. தம்பி எட்டுப் பிளேட்டையும் ஒரே கம்பியில் ஏற்றி, 18 கிலோவை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஸ்குவாட், அதாவது குந்தி எழும்புகிற பயிற்சி, செய்கிறான். ஒரே எடையில் வருகிற டம்பெல் சோடியாக வாங்கியிருந்தால் இத்தனைக்கும் ஒரு அலுமாரியே வேண்டியிருக்கும்.

கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் சீமெந்து நிரப்பிய செட்டும் இருந்தது. விலை குறைவு, பிளேட்டில் கறளும் பிடிக்காது. ஆனால் அதே எடைக்குச் சீமெந்து இரும்பை விட ஏறக்குறைய மூன்று மடங்கு இடம் எடுக்கும். பிளேட் தடிப்பாகிவிடுவதால் கம்பியில் நிறைய ஏற்ற முடியாது. தரையில் விழுந்து உறை வெடித்தால் தூள் கொட்டும். அதோடு கம்பி அதிலும் இரும்புதானே, கறள் அங்கே வரத்தான் போகிறது. எனக்கு இரும்பு பிளேட்தான் சரி.

கறளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளேட்டில் பெயின்ட் இருப்பதால் அது பரவாயில்லை, ஓட்டையின் விளிம்பு மட்டும் சிவக்கிறது. முதலில் அடிபடுவது கம்பியின் புரி, பிளேட் கழராமல் நட் சுற்றி இறுக்குகிற இடம். வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து அந்த இடுக்குகளில் தங்கிவிடும். பயிற்சி முடிந்ததும் துடைத்து, இடைக்கிடை தையல் மெசின் எண்ணெய் தொட்டு விடுகிறேன். மாரி காலத்தில் இதை விடவே கூடாது.

குறை என்றால் நட்தான். ஆட்டி ஆட்டிச் செய்கிற பயிற்சிகளில் அது மெல்லத் தளர்கிறது. ஆகவே கெட்டில்பெல் என்கிற கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு மாதிரி இதை வீசிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை தூக்கத் தொடங்குமுன்னும் நட்டை இறுக்கிப் பாருங்கள். காலில் பிளேட் விழுந்தால் விளையாட்டல்ல.

அடுத்தது நீளமான இறப்பர் பாண்ட். இழுக்க இழுக்கப் பாரம் கூடுவதால் மெதுவாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்லது. அம்மா கதிரையில் இருந்து, பாண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் இழுப்பார். "பிள்ளை, இது கிணத்தில தண்ணி இழுக்கிற மாதிரியெல்லோ" என்றார். "ஓம் அம்மா, முதுகுதான் வேலை செய்யுது" என்றேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யச் சொல்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் அது பொருந்தும். எங்கள் ஊரில் அம்மாமாருக்கு நடந்தால் போதும் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நடை நல்லது, ஆனால் கதிரையைப் பிடிக்காமல் எழும்பத் தொடைக்குப் பலம் வேண்டும்.

இறப்பருக்கு வெயிலும் வெக்கையும் ஆகாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் விறாந்தையில் தொங்க விட்டால் வெடிப்பு விழும். பவுடர் தடவி உள்ளே வையுங்கள். இழுக்குமுன் நீளத்துக்கும் தடவிப் பாருங்கள், சின்ன வெடிப்பு இருந்தாலும் எறிந்துவிடுங்கள். அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

பாய் ஒன்று வாங்கினோம், சீமெந்துத் தரைக்கு அவசியம். பெஞ்ச் வாங்கவில்லை, பாயில் படுத்தே நெஞ்சுக்குச் செய்யலாம். வயிற்றுக்கு உருட்டுகிற சில்லு, கைப்பிடி ஸ்பிரிங் எல்லாம் ஒரே ஒரு வேலைக்குத்தான், காசை அதில் போடாதீர்கள்.

டம்பெல் செட் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே நட்டைப் புரியின் முழு நீளத்துக்கும் சுற்றிப் பாருங்கள். இடையில் சிக்கினால் வேறு கம்பி கேளுங்கள். நட்டுக்குள் இறப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத நட் இன்னும் வேகமாகத் தளரும்.